இழுத்துக் கட்டினாற் போதுமா?

நோய்களிலே சபையேறும் நோய்களும் உள; சபையேறா நோய்களும் உள. கலியாண வீட்டுப் பந்தலிலே நாலுபேர் கூடினால், ஒருவர் தமது நீரிழிவின் கணக்கை ஒப்புவிப்பார். மற்றவர் தமது இரத்த அமுக்கத்தின் ஏற்ற இறக்கங்களை விரிப்பார். மூன்றாமவர் தமக்குக் குணந்தந்த குளிசையின் பெயரை இருவருக்கும் எழுதிக் கொடுப்பார். அதே பந்தலின் ஓரத்திலே, வேட்டிக் கட்டின்மேல் கையை மெல்ல அழுத்தியபடி, இருமல் வந்துவிடலாகாதே என்று அஞ்சிக்கொண்டு ஒருவர் வீற்றிருப்பார். அவர் வாய் திறவார். அவரைப் பற்றியது சபையேறாத நோய். குடலிறக்கம் என்பது அதன் பெயர்.

இந்நோய் அருமையாக எங்கோ ஒருவருக்கு வருவதன்று. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் வட்டாரத்தை ஆராய்ந்து 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கொன்றின்படி, நூறு ஆண்களை எடுத்துக்கொண்டால் அவர்களுள் ஏறக்குறைய 27 பேருக்குத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்காகச் சத்திர சிகிச்சை வேண்டியிருக்கும். பெண்களில் அத்தொகை 3. உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் இதற்காகச் சத்திர சிகிச்சை பெறுகின்றனர். இத்துணை பேருக்கு வரும் நோயைப் பற்றி எமது வீடுகளிலே பேச்சு மூச்சில்லை. அது வரும் இடம் அத்தகையது. அதனால் வரும் நாணமும் அத்தகையது.

இந்த மௌனத்தின் விலையை நாம் சிறு வயதிலேயே கண்டோம். எமது பெரியப்பா ஒருவர் புகையிலைத் தோட்டக்காரர். இளமையில் துலா மிதித்து இறைத்த உடம்பு. அவருக்கு வலப் பக்கத்தில் ஒரு வீக்கம் பல ஆண்டுகளாக இருந்தது. படுத்தால் உள்ளே போகும். எழுந்து நடந்தால் வெளியே தள்ளும். பழந்துணியைப் பட்டையாகக் கிழித்து இறுகக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். பெரியம்மாவைத் தவிர அதை அறிந்தார் எவருமில்லை. ஒருநாள் மாலை அது வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. ஒத்தடம் கொடுத்தார்கள், எண்ணெய் பூசினார்கள், இரவு முழுவதும் வாந்தி. போக்குவரத்து அரிதாயிருந்த காலம் அது. மறுநாட் பகல் வைத்தியசாலையிற் சேர்த்தபோது, வெளியே அகப்பட்டுக்கொண்ட குடல் இரத்தோட்டமின்றிச் செத்துப் போயிருந்தது. மூன்றாம் நாள் அவரும் போனார். வயிற்றுக் குத்தினாற் செத்தார் என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள். செத்த பின்பும் அந்நோய்க்கு ஒருவரும் பெயர் சொல்லவில்லை. அப்பொழுது எமக்கு வயது பத்து.

குடலிறக்கம் என்பதுதான் யாது? வயிற்றறை ஒரு பை போன்றது. அதன் முன்சுவர் தசைகளும் தசைநார்களும் படைபடையாய் அமைந்தது. குழந்தை தாயின் கருப்பையில் வளருங் காலத்திலே, ஆண் குழந்தையின் விதைகள் வயிற்றறையின் பின்புறத்திலே தோன்றி, மெல்ல மெல்லக் கீழிறங்கி, தொடையிடுக்கின் வழியாகச் சுவரைக் கடந்து வெளியே வருகின்றன. அவை வந்த பாதை அதன்பின் ஒடுங்கிவிடும். எனினும் விதைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் அவ்வழியே செல்லவேண்டியிருத்தலின் முற்றாக அடைபடுவதில்லை. ஆதலால் அவ்விடம் ஆயுள் முழுவதும் சுவரின் நலிந்த இடமாகவே இருந்துவிடுகிறது. நாம் இருமும்போதும், தும்மும்போதும், மலங்கழிக்க முக்கும்போதும், பாரந் தூக்கும்போதும் வயிற்றறையின் உள்ளே அமுக்கம் ஏறுகிறது. நலிந்த இடம் ஆண்டுகள் செல்லச் செல்ல விரிந்து கொடுக்கிறது. குடலைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு முதலில் அவ்வழியே பிதுங்குகிறது. பின்னர் குடலும் அதனுள் இறங்குகிறது. புகைபிடிப்போருக்கு இழையங்கள் உறுதி குன்றுவதோடு ஓயாத இருமலும் சேர்ந்துகொள்வதால் ஆபத்து அதிகம்.

எமக்கும் அந்த நோய் வந்தது. இருபத்தைந்தாம் வயதில் வந்தபோது, வைத்தியர் விலகிய தசைகளை இழுத்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிட்டார். நன்றாகவே தைத்தார், பத்தொன்பது ஆண்டுகள் அது நின்றது. நாற்பத்து நாலாம் வயதில், ஒரு மாதம் விடாமற் பிடித்த இருமலின் பின்னர், பழைய தழும்பின் கீழே அதே இடத்தில் அது மீண்டும் தலைகாட்டியது. எவரையுங் குறைகூற அதில் இடமில்லை. மீண்டும் வருவது இந்நோயின் இயல்பிலேயே உள்ளதொன்று. எனினும் நாற்பது நிமிடப் பாடவேளை முழுவதும் நின்று படிப்பிக்கும் ஆசிரியருக்கு அது இலேசான சோதனையன்று. கரும்பலகையின் மேல்வரியில் எழுதக் கையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும், மறு கையிற் பிடித்த புத்தகத்தால் இடுப்பை அணைத்துக்கொண்டு நின்றோம்.

மீண்டும் சத்திர சிகிச்சை வேண்டும், இம்முறை வலைத்துணி ஒன்றை உள்ளே வைக்கவேண்டும் என்று வைத்தியசாலையிற் சொன்னார்கள். வீட்டில் வந்து சொன்னபோது, பெரியப்பாவின் பிரேதத்தைக் கண்ட எமது தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு இரண்டே கேள்விகள் கேட்டார்.

“தம்பி, முந்தித் தைச்சதே விட்டுப் போச்சுது, இனிச் செய்தால் மட்டும் நிக்குமோ? அதோட, பிறத்தித் துணியை உடம்புக்குள்ள வைச்சால் உடம்பு ஏற்குமோ?”

பட்டம் பெற்று இருபது ஆண்டுகளாக விஞ்ஞானம் படிப்பிக்கும் எம்மிடம் அவ்விரு கேள்விகளுக்கும் அன்று விடை இருக்கவில்லை. சத்திர சிகிச்சைக்கு நாட் குறித்த அந்த மூன்று வாரங்களிலும் நூல்களைத் தேடிப் படித்தோம். தாயாருக்குச் சொன்ன விடையையே இங்கு வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

முதற் கேள்வி நிற்குமா என்பது. இக்கேள்வியின் வரலாறு இத்தாலியில் தொடங்குகிறது. 1867ஆம் ஆண்டில் உரோம் நகருக்கு அணித்தாயுள்ள வில்லா குளோரி என்னுமிடத்திலே, கரிபால்டியின் இயக்கத்தைச் சேர்ந்த சிறு படையொன்று பாப்பரசரின் படையோடு பொருதது. அச்சிறு படையில் இருந்த எதுவார்தோ பசினி என்னும் இளம் வைத்தியர், துப்பாக்கியின் முனையிற் பூட்டிய ஈட்டியினாற் குத்துண்டு வீழ்ந்தார். குத்து விழுந்த இடம் வலத் தொடையிடுக்கு. பல மாதங்கள் சிகிச்சை பெற்றே அவர் பிழைத்தார். தம் உடம்பிலே காயம்பட்ட அதே இடத்தை ஆராய்வதிலே பின்னாளில் அவர் பெரும்புகழ் பெற்றார் என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

அவர் காலம் வரையில் குடலிறக்கத்துக்குச் செய்த சத்திர சிகிச்சைகளிற் பெரும்பாலானவை வாசலை வெளிப்புறத்திலே கட்டி அடைப்பனவாகவே இருந்தன. ஆறிய சில காலத்திலே நோய் மீண்டது. பாதுவா நகரிலே பேராசிரியராய் விளங்கிய பசினி, 1884ஆம் ஆண்டு முதல் புதிய முறையைக் கையாண்டார். பாதை முழுவதையும் திறந்து, இறங்கிய பையை நீக்கி, பாதையின் பின்சுவரையே தசைகளால் மீளக் கட்டியெழுப்பினார். 1890ஆம் ஆண்டில் 262 சத்திர சிகிச்சைகளின் பெறுபேற்றை அவர் வெளியிட்டார். மிகச் சிலருக்கே நோய் மீண்டிருந்தது. நோயாளரை வீட்டுக்கு அனுப்பியதோடு கைகழுவாமல், ஆண்டுக் கணக்கில் அவர்களைத் தேடிப் பார்த்துக் கணக்கு வைத்தமை அவருடைய பெருமை. இன்றைய குடலிறக்கச் சத்திர சிகிச்சைக்கு அவரே தந்தை என்பர்.

ஆயினும் பசினியின் கை எல்லோருக்கும் வாய்க்கவில்லை. மற்றவர்கள் செய்தபோது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் அதற்கு மேலும் நோய் மீண்டது. காரணம் யாது? இயற்கையிலே விலகி நிற்கும் இரண்டு விளிம்புகளை வலிந்து இழுத்துச் சேர்க்கும்போது, தையலின்மேல் ஓயாத இழுவை உண்டாகிறது. இதை எமது வீட்டுப் பெண்கள் நன்கறிவர். நைந்த சேலையின் கிழிசலை இறுக இழுத்துத் தைத்தால், தையல் அறுவதில்லை. தையலின் அருகே துணிதான் புதிதாய்க் கிழியும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை தைக்கும்போது தைப்பதற்கு நல்ல துணியே எஞ்சியிராது. மீண்டு வரும் குடலிறக்கத்தின் துன்பமும் இதுவே. ஒவ்வொரு முறையும் தழும்பு மிகும். நல்ல இழையம் குறையும். விதைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் தழும்புக்குள்ளே புதைந்து ஆபத்துக்குள்ளாகும்.

கனடாவின் ரொறன்ரோ நகரில் 1945ஆம் ஆண்டில் சோல்டைஸ் என்னும் வைத்தியர் குடலிறக்கம் ஒன்றற்கே உரிய வைத்தியசாலையை நிறுவி, நான்கு வரிசையாய்த் தைக்கும் முறையிலே மிக நல்ல பயன் கண்டார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும். தையல் முறை முற்றாகத் தோற்றதன்று. ஆனால் அதற்கு நாள்தோறும் அதையே செய்து பழகிய கை வேண்டும். தைப்பதற்கு நல்ல இழையமும் வேண்டும். எம்மைப் போன்று மீண்டு வந்தவர்களிடம் இரண்டாவது பொருள் இராது.

கிழிசலை இழுத்துத் தைக்க முடியாதபோது என்ன செய்வோம்? ஒட்டுத் துணி வைப்போம். இந்த எண்ணம் பழையதே. தசைநாரைப் போன்ற உறுதியுள்ள இழையத்தைச் செயற்கையாக ஆக்கமுடியுமாயின் குடலிறக்கத்தைத் தீர்க்கும் இரகசியம் கைகூடிவிடும் என்று, வியன்னாவின் புகழ்பெற்ற சத்திர வைத்தியர் பில்றொத் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கருதினார். ஆனால் துணி எது? இங்கேதான் தாயாரின் இரண்டாங் கேள்வி எழுகிறது. உடம்பு ஏற்குமா?

முதலில் வெள்ளிக் கம்பியாற் பின்னிய வலையை 1900ஆம் ஆண்டளவில் ஜேர்மன் வைத்தியர்கள் வைத்துப் பார்த்தார்கள். அது விறைப்பானது, உடம்போடு வளையவில்லை. 1940களில் தந்தாலம் என்னும் உலோகத்தாற் செய்த வலை வந்தது. அதை உடம்பு வெறுக்கவில்லை. ஆனால் கம்பியை இங்குமங்கும் பலமுறை வளைத்தால் ஒடியும் என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த உண்மை. மூச்சு விடுந்தோறும் அசையும் வயிற்றுச் சுவரிலே அவ்வலை காலப்போக்கில் நொறுங்கியது. 1948ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த மொலனியும் அவருடைய தோழர்களும், விளிம்புகளை இழுக்காமல், நைலோன் இழையை இடையிலே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டும் முறையை வெளியிட்டனர். ஓட்டை விழுந்த காலுறையைப் பாட்டிமார் இழையோட்டி அடைப்பதை ஒத்தது அது. உலோகத்தை விட்டு இழைக்கு வந்தமை பெரிய திருப்பம்.

இதற்கிடையில் வேறொரு துறையிலே வேறொரு கதை நடந்தது. 1954ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரிலே, நத்தா என்னும் இரசாயனப் பேராசிரியர் பொலிபுரொப்பிலீன் என்னும் பல்பகுதியத்தை ஒழுங்கான அமைப்போடு ஆக்கிக் காட்டினார். ஜேர்மனியரான சீக்லரோடு 1963ஆம் ஆண்டின் நொபெல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். இன்று எமது வீட்டுப் பிளாஸ்ரிக் கதிரையும், அரிசிச் சாக்கும், கிணற்றுக் கயிறும் பெரும்பாலும் இப்பொருளாலானவையே. அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரத்துச் சத்திர வைத்தியர் பிரான்சிஸ் அஷர், 1958ஆம் ஆண்டில் முதலில் பொலித்தீன் இழை வலையையும், 1960களின் தொடக்கத்திலே பொலிபுரொப்பிலீன் இழையாற் பின்னிய வலையையும் வயிற்றுச் சுவருக்குப் பயன்படுத்தினார். உடம்பின் நீரில் அது உக்கவில்லை, வளைந்தும் ஒடியவில்லை, கொதிநீராவியின் வெப்பத்தையும் தாங்கியது.

இங்கே மாணவர் உற்று நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. வலையின் உறுதி இழையில் மட்டுமன்று, இடைவெளியிலும் உளது. ஓட்டையே இல்லாத தகட்டை வைத்தால் உடம்பு அதைச் சுற்றி உறையிட்டு ஒதுக்கிவிடும். வலைக் கண்கள் போதிய அகலமாயிருந்தால், உடம்பின் கலங்கள் அவற்றினூடே புகுந்து, புதிய நார் இழையத்தை நெய்து, வலையைத் தம்முள் அடக்கிக்கொள்ளும். கண்கள் 75 மைக்கிரோமீற்றருக்கு மேற்பட்டிருத்தல் நன்று என்பர். மிக ஒடுங்கிய கண்களாயின், பற்றீரியாக்கள் உள்ளே நுழைந்து ஒளித்துக்கொள்ளும். அவற்றை விழுங்கவரும் பெரிய வெண்கலங்களோ நுழைய முடியாமல் வாசலில் நிற்கும். பந்தலிலே கொடி படர்வது போன்று உடம்பு வலையின்மேற் படர்கிறது. சில மாதங்களின் பின் நிற்பது வலையுமன்று, தசையுமன்று. இரண்டுங் கலந்த புதிய சுவர். தாயாருக்கு இதைச் சொன்னபோது, “அப்ப பிறத்தி எண்டில்லை, சம்பந்தம் கலந்த மாதிரி” என்றார். அதனிலும் நன்றாக எம்மாற் சொல்ல முடியவில்லை.

இனி, மீண்டும் முதற் கேள்வி. துணி நல்லது, எங்கே வைப்பது? இதற்கு விடை தந்தவர்கள் பிரெஞ்சு தேசத்தவர்கள். 1956ஆம் ஆண்டில் பிறுஷோ என்னும் உடலமைப்பு அறிஞர், தொடையிடுக்கிலே தோன்றும் குடலிறக்கங்கள் வெளியிலே பலவாகத் தோன்றினும், உள்ளிருந்து பார்த்தால் அவை யாவும் தசையற்ற ஒரே பெரிய வாசலினூடாகவே வருகின்றன என்று காட்டினார். ஆகவே ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை; வாசல் முழுவதையும் உட்புறத்திலிருந்து ஒரேயடியாக மூடிவிடலாம். றீம்ஸ் நகரத்து றீவ் என்பவர் 1960களில் தசைக்குப் பின்னால் டக்ரோன் துணியை வைத்தார். அமியான் நகரத்து ஸ்ரொப்பா அதை இன்னும் துணிந்து விரித்தார். கொப்பூழின் கீழே நடுவில் வெட்டி, தசைச் சுவருக்கும் குடலைச் சூழ்ந்த சவ்வுக்கும் இடையே மிகப் பெரிய துணி ஒன்றை இருபுறமும் மூடும்படி விரித்தார். அதன் உயரம் கொப்பூழிலிருந்து அடிவயிற்று எலும்பு வரை. அகலம் இரு இடுப்பெலும்பு முனைகளுக்கும் இடையே உள்ள தூரத்தினும் 2 சென்ரிமீற்றர் மட்டுமே குறைவு. பலமுறை தைத்தும் மீண்டவை, இரு பக்கமும் வந்தவை, மிகப் பெரிதாய் இறங்கியவை ஆகிய கடினமான குடலிறக்கங்களே அவர் எடுத்துக்கொண்டவை. 1973ஆம் ஆண்டில் அவரும் தோழர்களும் வெளியிட்ட கட்டுரையிலே வியப்புக்குரிய செய்தி ஒன்று இருந்தது. அத்துணியை அவர்கள் எவ்விடத்திலும் தைத்து நிறுத்தவில்லை.

தைக்காத துணி எவ்வாறு நிற்கும்? இதை வாசித்தபோது நாம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டோம். அது நாம் ஆண்டுதோறும் வகுப்பிலே எழுதிக்காட்டும் பஸ்காலின் தத்துவமேயன்றோ! அடைபட்ட பாய்பொருளில் ஓரிடத்தில் ஏற்றிய அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். இருமும்போது வயிற்றறையில் ஏறும் அமுக்கம்தான் குடலை வெளியே தள்ளியது. துணியைச் சுவரின் வெளிப்புறத்தில் வைத்தால் அதே அமுக்கம் துணியையும் பெயர்க்கப் பார்க்கும். சுவரின் உட்புறத்தில் வாசலினும் மிக அகலமாக வைத்தால், அதே அமுக்கம் துணியைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். இருமலுக்கு இருமல் துணி இன்னும் இறுகி நிற்கும். இதுவரை எம்மைத் தாக்கிய பகையே இனி எமக்குக் காவல். இழுத்துக் கட்டுவதை விட்டு, உள்ளிருந்து தாங்குவதே புதிய வழி.

வலையைக் கையாளும் முறைகள் பல உள. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து லிச்சென்ஸ்ரைன் முன்பக்கமாகவே திறந்து, இழுவையின்றி வலை வைக்கும் எளிய முறையை 1984ஆம் ஆண்டில் தொடங்கி, 1989இல் 1,000 நோயாளரின் பெறுபேற்றை வெளியிட்டார். இடத்தை மட்டும் விறைக்கச் செய்தே அதனைச் செய்யலாம். ஆதலால் உலகெங்கும் பரவிற்று. 1990களில், சிறு துளைகளினூடாக ஒளிக்கருவியைச் செலுத்தி, ஸ்ரொப்பாவின் இடத்திலேயே வலையை விரிக்கும் முறையும் வந்தது. பல நாட்டு வைத்தியர் கூடி 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, மீண்டு வந்த நோய்க்குத் தெளிவான விதி ஒன்றைக் கூறுகிறது. முன்னர் முன்வழியாகச் செய்ததாயின் இம்முறை பின்வழியாகச் செல்க. முன்னர் பின்வழியாயின் இம்முறை முன்வழியாகச் செல்க. தழும்பிற்குள் வெட்டித் துருவாமல், கைபடாத நிலத்திலே வேலை செய்வதே அதன் கருத்து.

எமக்கும் பின்வழியே தீர்மானமாயிற்று. வாட்டிலே எம்மைப் பரிசோதிக்க வந்த இளம் வைத்தியர் கட்டிலருகில் வந்ததும் நின்றுவிட்டார். எமது பழைய மாணவர். எவரிடம் மறைத்தாலும் மறைக்கலாம். எவர் முன்னிலையிற் கரும்பலகையருகே நிமிர்ந்து நின்றோமோ அவர் முன்னிலையில் ஆடையைத் தளர்த்திக் காட்டுவது எப்படி? எமது முகம் போன போக்கை அவர் கண்டிருத்தல் வேண்டும். திரைச் சீலையை இழுத்துவிட்டு, மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார்.

“சேர், பின்பக்கத்தாலை போறம். ரயர் வெடிச்ச கதை நினைவிருக்கே? நீங்கள்தானே வகுப்பிலை சொன்னனீங்கள்.”

நினைவு வந்தது. சைக்கிள் ரயரிலே வெடிப்பு விழுந்தால் உள்ளிருக்கும் ரியூப் அதனூடே கொப்புளம் போற் பிதுங்கும். கடைக்காரர் வெளியிலிருந்து தைப்பதில்லை. பழைய ரயரில் ஒரு துண்டை வெட்டி, ரயருக்கும் ரியூபுக்கும் நடுவே வைத்துக் காற்றடிப்பார். காற்று ஏற ஏறத் துண்டு தானே இறுகி நிற்கும். பஸ்காலுக்கு உதாரணமாக நாம் சொன்னதை, அவர் எமது வயிற்றுக்கே உதாரணமாக்கிவிட்டார். நாணம் எங்கோ போயிற்று. “நீர் அதை மறக்கவில்லையா?” என்று கேட்டோம். “பேப்பரிலை வந்தது, சேர்” என்றார்.

மறுநாள் சத்திர சிகிச்சை நடந்தது. முழு மயக்கத்திலே, மூன்று சிறு துளைகள்; காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி இடம் விரித்து, அகலம் 15, உயரம் 10 சென்ரிமீற்றர் அளவான வலையை உள்ளே விரித்தார்கள். அடுத்த நாள் வீடு வந்தோம். சில நாட்கள் வலி இருந்தது. மூன்றாம் வாரம் வகுப்புக்குச் சென்றோம். பழைய தழும்பைச் சுற்றிய மரத்த உணர்ச்சி இன்றும் மாறவில்லை. மீண்டும் வராது என்று உறுதி தர எந்த வைத்தியருக்கும் முடியாது, எமக்கும் தரவில்லை. வலை வைத்தோரிலும், வையாது தைத்தோரிலும், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் ஏதோவொரு வலி நீடிக்கிறது. சிலருக்கு அது கடுமையாகவும் இருக்கும். ஆகவே சத்திர சிகிச்சைக்கு முன் இதனையும் வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

வலையின் விலையால் ஏழைகளுக்கு எட்டாமற் போகுமோ எனின், அதற்கும் நல்ல செய்தி உண்டு. இந்தியாவிலே மகாராட்டிர மாநிலத்துக் கிராமப்புற வைத்தியர் தொங்காங்கர், நுளம்பு வலைத் துணியை வெட்டி, முறைப்படி கிருமி நீக்கி, குடலிறக்கத்துக்குப் பயன்படுத்தி வழிகாட்டினார். நோபடாத ஏழைகளின் துணி, நோயுற்ற ஏழைகளுக்கும் உதவிற்று. பின்னர் கிழக்கு உகண்டாவிலே 302 ஆண்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஓராண்டின் பின், நுளம்பு வலைத் துணி வைத்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே நோய் மீண்டது. விலையுயர்ந்த வலை வைத்தவர்களில் எவருக்கும் மீளவில்லை. இரண்டுக்குமிடையே பொருட்படுத்தத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. பூச்சிமருந்து தோய்த்த வலை இதற்கு உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறோம்.

வீக்கம் கண்ட ஒவ்வொருவரும் உடனே சத்திர சிகிச்சைக்கு ஓடவேண்டுமா? வேண்டியதில்லை. அமெரிக்காவில் வலி குறைந்த 720 ஆண்களைக் கொண்டு செய்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, வைத்தியரின் கண்காணிப்பிற் காத்திருந்தோருக்குக் குடல் அகப்பட்டுக்கொள்ளும் ஆபத்து ஆண்டுக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ இருவருக்கே நேர்ந்தது. ஆனால் பத்தாண்டுக்குள் காத்திருந்தோரில் மூன்றில் இருபங்கினர், பெரும்பாலும் வலி மிகுந்தமையால், சத்திர சிகிச்சையை நாடினர் என்று 2013ஆம் ஆண்டில் வெளியான தொடர்ச்சி கூறுகிறது. அவர்கள் காத்திருந்தார்கள், எமது பெரியப்பா ஒளித்திருந்தார். காத்திருத்தல் வேறு, ஒளித்திருத்தல் வேறு. காத்திருப்பவர் ஆபத்தின் அடையாளத்தை அறிவார். எங்கே செல்லவேண்டும் என்பதையும் அறிவார். பெண்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அவர்களுக்குத் தொடையின் உட்புறத்திலே வரும் குடலிறக்கம் விரைவில் இறுகிக்கொள்ளும் இயல்பினது. காலந் தாழ்த்தாது காட்டவேண்டும்.

வாசகர்கள் மனதிற் கொள்ளவேண்டிய அடையாளங்கள் இவை: வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகாமல் நின்றால், அது கல்லுப்போல் இறுகி நொந்தால், மேலே தோல் சிவந்தால், வயிறு ஊதினால், வாந்தி வந்தால், மலமும் காற்றும் போகாது நின்றால், ஒத்தடமும் எண்ணெயும் தேடாமல் அந்த நேரமே வைத்தியசாலைக்குப் புறப்படவேண்டும். குடல் சாவதற்குச் சில மணித்தியாலங்கள் போதும். அமுக்கி உள்ளே தள்ளிப் பார்த்துக்கொண்டு விடியும் வரை இருத்தல் ஆகாது. எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சை இலவசம். செலவைக் கருதித் தயங்கவும் காரணமில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலே தந்தையாரோ, பாட்டனாரோ, மாமனாரோ இடுப்பிற் கைவைத்தபடி இருமுவதைக் கண்டால், நீங்களாகவே மெல்லக் கேளுங்கள். பெரியோர் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். பிள்ளைகள் நாணமின்றிக் கேட்டால் சொல்லுவார்கள். வார்த்தை வரவில்லையாயின் ரயர்க் கதையிலிருந்து தொடங்கலாம். எமது தாயார் இப்பொழுது அந்தக் கதையை அயலாருக்கெல்லாம் சொல்லி வருகிறார். சென்ற மாதம் அதைக் கேட்ட பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர், மூன்று ஆண்டுகளாகத் தமக்கும் அப்படி ஒன்று இருப்பதாக முதன்முதலாக வாய் திறந்தார். அடுத்த கிளினிக் நாளில் அவரை அழைத்துச் செல்லவிருக்கிறோம்.